டெபியன் 13: ஜெராக்ஸ் கடைக் கவுண்டருக்குச் சரிப்படுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ், ஸ்கேனிங், பைண்டிங் கடை நடத்துகிறவர்கள் கவுண்டர் மெஷினுக்கு டெபியன் 13 என்கிற லினக்ஸ் ஆப்பரேட்டிங் சிஸ்டத்தைத் தாராளமாகப் போடலாம். ஆனால் போட்ட கையோடு அப்படியே ஓட விடாதீர்கள். எது எந்த ஃபோல்டரில் வந்து இணைய வேண்டும் என்று மெஷினுக்குச் சொல்கிற எஃப்எஸ்டேப் என்ற ஃபைலில் இரண்டு வரி சேர்த்துவிட்டு வியாபாரத்தை ஆரம்பியுங்கள். அந்த இரண்டு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். வால்பேப்பர், ஐகான், டெஸ்க்டாப் அழகு என்று படிக்க வந்தவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடையாது.

எங்கள் கடை பாளையங்கோட்டையில், கல்லூரிகளுக்குப் போகிற வழியில் இருக்கிறது. காலையில் வருவதெல்லாம் ஆதார் நகல், மார்க் ஷீட், பட்டா, வில்லங்கச் சான்று, ரேஷன் கார்டு. மதியத்துக்கு மேல் பிராஜெக்ட் ரிப்போர்ட்டும் ஆய்வேடும். அரசு சித்த மருத்துவக் கல்லூரிப் பிள்ளைகள் கொண்டுவருகிற ஆய்வேடு தனி ரகம். பாதிப் பக்கங்களில் மூலிகைப் படம், அத்தனையும் கலர், தலையணை மொத்தத்துக்கு இருக்கும். கல்லாவில் என் மாமனார் உட்காருவார். மெஷின்களைப் பார்த்துக்கொள்வது நான்; பாலிடெக்னிக்கில் படித்தது இதற்காவது உதவுகிறது. கட்டிங், பைண்டிங், ஓடியாடுகிற வேலை எல்லாம் மேலப்பாளையத்திலிருந்து வருகிற ஒரு தம்பி.

கவுண்டரில் இருப்பது 4 ஜிபி ரேமும் 240 ஜிபி எஸ்எஸ்டியும் உள்ள பழைய மெஷின். உள்ளறையில் 8 ஜிபி மெஷின் ஒன்று, டிசைன் வேலைக்கு. மூன்றாவதாக ஒரு 32 பிட் கிழம் இருந்தது. டெபியன் 13-இல் அந்த ரகத்துக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் (சிஸ்டத்தின் மையப் புரோகிராம்) இல்லை என்று ஆகிவிட்டதால் அதைப் பரணில் ஏற்றியாகிவிட்டது. உங்கள் கடையிலும் அந்தக் காலத்து மெஷின் ஓடுகிறது என்றால் இதை முதலில் கவனியுங்கள்.

இன்ஸ்டால் செய்வதில் சொல்வதற்குப் பெரிதாக ஒன்றுமில்லை. 2025 ஆகஸ்ட் 9-இல் வெளியான பதிப்பு இது, கெர்னல் 6.12, படம் திருத்த ஜிம்ப் 3, டெஸ்க்டாப்புக்கு எக்ஸ்எஃப்சிஇ 4.20. மூன்று வருடம் முழு ஆதரவு, அதன்மேல் இரண்டு வருடம் நீண்டகால ஆதரவு. தமிழ்99 விசைப்பலகை, ஐபஸ் எம்17என் பேக்கேஜைப் போட்டதும் வந்துவிட்டது. பிரிண்டர் சொன்ன பேச்சு கேட்டது. பிள்ளைகள் யூனிகோடு அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் அடித்துக் கொண்டுவருகிற ஃபைல்களுக்கு எந்த ஆப்பரேட்டிங் சிஸ்டமும் மருந்து வைத்திருக்கவில்லை. அதை விடுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன்.

புதிதாகப் போட்ட மெஷினில் டெர்மினலைத் திறந்து மவுண்ட் என்று மட்டும் தட்டிப் பாருங்கள். ஒரு டிஸ்க்கையோ அது மாதிரி ஒன்றையோ ஒரு ஃபோல்டரில் இணைப்பதுதான் மவுண்ட். உள்ளே இருப்பது ஒரு எஸ்எஸ்டி, அதில் நாம் போட்டது ஒரே பார்ட்டிஷன். ஆனால் திரையில் இருபது முப்பது வரி மளமளவென்று ஓடும். ப்ராக், சிஸ், டெவ்பிடிஎஸ், சிகுரூப், செக்யூரிட்டி எஃப்எஸ், ஊர்ப்பட்ட டெம்ப்எஃப்எஸ். இவற்றில் ஒன்றுக்கும் டிஸ்க்கில் இடம் கிடையாது. ஃபைண்ட்மவுண்ட் கட்டளையைப் போட்டால் இதையே கிளை பிரித்து மரமாகக் காட்டும். படிப்பதற்கு அதுதான் சுகம். அதிலேயே ‘ரியல்’ என்ற ஆப்ஷனைச் சேர்த்தால் நிஜ டிஸ்க்கில் இருப்பது மட்டும் நிற்கும். எங்கள் கவுண்டரில் அப்போது மிஞ்சியது இரண்டே வரி. மற்றதெல்லாம் கெர்னல் தன் கணக்குக்குக் கட்டிக் காட்டுகிற மாய ஃபோல்டர்கள்.

ப்ராக் ஃபோல்டரில் மெம்இன்ஃபோ என்று ஒரு ஃபைல் இருக்கும். அளவைப் பார்த்தால் பூஜ்யம் பைட். திறந்தால் ஐம்பது வரிக்கு ரேம் கணக்கு கொட்டும். எங்கள் மாமாவிடம் ‘இன்னைக்கு எவ்வளவு ஆச்சு மாமா?’ என்று கேட்டால் கல்லாவைத் திறந்து அப்போதுதான் எண்ணிச் சொல்லுவார். எழுதி வைத்த சீட்டு எதுவும் கிடையாது. கெர்னலும் அதே ஜாதிதான். கேட்கிற நொடியில் எண்ணி எழுதித் தருகிறது, கேட்காதபோது அங்கே ஃபைலே இல்லை. இந்த ஏற்பாடு நேற்று வந்ததல்ல. யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில், 1984 வாக்கில், டாம் கில்லியன் என்பவர் ஓடுகிற புரோகிராம்களை ஃபைல்களாகக் காட்டியதுதான் ஆரம்பம். அடுத்த வருடமே சன் கம்பெனி, எந்த வகை ஃபைல் சிஸ்டமானாலும் ஒரே வாசல் வழியாக உள்ளே வரட்டும் என்று கெர்னலுக்குள் ஒரு அடுக்கு வைத்தது. இன்றைக்கு நம் பென்டிரைவும், ப்ராக்கும், பக்கத்து மெஷின் ஃபோல்டரும் ஒரே மவுண்ட் கட்டளைக்குக் கட்டுப்படுவது அந்த அடுக்கின் புண்ணியம்.

இவற்றில் பெரும்பாலானதை நாம் தொடவே வேண்டாம். தொட வேண்டியது டெம்ப்எஃப்எஸ். அதாவது, டிஸ்க்கில் இல்லாமல் ரேமிலேயே இருக்கிற ஃபோல்டர்.

டெபியன் 13-இல் டெம்ப் ஃபோல்டர், அதாவது புரோகிராம்கள் தற்காலிக ஃபைல்களைப் போடுகிற இடம், இனிமேல் ரேமில். முந்தைய பதிப்பு வரை அது டிஸ்க்கில் இருந்தது. சன் கம்பெனியின் சோலாரிஸ் சிஸ்டம் இதைப் பல்லாண்டுகளுக்கு முன்பே செய்தது. ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸ் தன் 18-ஆம் பதிப்பிலேயே செய்தது. டெபியன் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது. வரம்பு, மொத்த ரேமில் பாதி. இன்ஸ்டாலர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ரிலீஸ் நோட்ஸில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் ஜெராக்ஸ் கடைக்காரர் எத்தனை பேர் ரிலீஸ் நோட்ஸ் படிக்கிறார்கள்?

பாதி ரேம் என்பதைச் சும்மா படித்துவிட்டுப் போகாமல், எதையும் மாற்றாமல் வைத்து ஒரு ஆய்வேட்டை ஸ்கேன் செய்து பார்ப்போம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். நாங்கள் பயன்படுத்துகிற ஸ்கேன் புரோகிராம், பிடிஎஃப் ஆக்கும் வரை ஒவ்வொரு பக்கத்தையும் சுருக்காமல் அப்படியே டெம்ப்பில் அடுக்கி வைக்கிற ரகம். ஏ4 தாள், கலர், 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. அகலத்தில் 2480 புள்ளி, நீளத்தில் 3508 புள்ளி, புள்ளிக்கு மூன்று பைட். பெருக்கினால் ஒரு பக்கம் 26 எம்பி. எங்கள் மெஷினில் பாதி ரேம் என்பது 2 ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு. எழுபது பக்கம் தாண்டியதும் மவுஸ் இழுத்தது. இன்னும் சில பக்கம் போனதும் ஸ்கேன் நின்றது, டிவைஸில் இடமில்லை என்ற ஆங்கில வாக்கியத்தோடு. பைண்டிங் தம்பி எட்டிப் பார்த்தான்.

“அக்கா, டிஸ்க்ல எரநூறு ஜிபி சும்மா கெடக்கு. இது இடமில்லங்குது?”

அவன் கேட்டது நியாயமான கேள்வி. எங்கே எவ்வளவு இடம் என்று காட்டுகிற டிஎஃப் கட்டளை போட்டுப் பார்த்தால்தான் பதில் தெரியும்: எஸ்எஸ்டி வரியில் தாராளம், டெம்ப் வரியில் நூறு சதவீதம். இரண்டும் வேறு வேறு இடம் என்று தெரியாதவர்கள் எஸ்எஸ்டி கெட்டுப்போச்சு என்று புதிது வாங்கப் போய்விடுவார்கள்.

300 டிபிஐக்கே இந்தப் பாடு. 2023 டிசம்பர் மழை வெள்ளத்துக்கு அப்புறம் பலர் நனைந்து காய்ந்த பத்திரங்களை எடுத்துக்கொண்டு வந்தார்கள். எழுத்து மங்கிய தாளை 600 டிபிஐயில் எடுத்தால்தான் படிக்க முடியும். அதில் ஒரு பக்கம் 104 எம்பி. இருபது பக்கப் பத்திரத்துக்கே 4 ஜிபி மெஷினில் டெம்ப் நிறைந்துவிடும்.

அப்படியென்றால் பழையபடி டெம்ப்பை டிஸ்க்குக்கே கொண்டுபோய்விடலாமே என்று தோன்றும். வழி இருக்கிறது; மெஷின் எழும்போது எல்லாவற்றையும் ஆரம்பித்து வைக்கிற சிஸ்டம்டியிடம் சொல்லி டெம்ப் மவுண்ட் யூனிட்டை மாஸ்க் செய்துவிட்டு, அதாவது முடக்கிவிட்டு, ரீபூட் போட்டால் தீர்ந்தது. நான் அதைச் செய்யவில்லை. காரணம், கடைக்கு வருகிறவர்களின் காகிதம்.

யோசித்துப் பாருங்கள். ஒரு நாளைக்கு எத்தனை ஆதார், எத்தனை பான் கார்டு, எத்தனை பேங்க் பாஸ்புக் முதல் பக்கம் நம் மெஷின் வழியாகப் போகிறது. வாட்ஸாப்பில் அனுப்புகிறார்கள், டவுன்லோட் செய்கிறோம், பிரிண்ட் எடுக்கிறோம், அடுத்த ஆள் வந்துவிடுகிறார். ஃபைல் அங்கேயே கிடக்கிறது. பல கடைகளில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தால் ஊர் ஜனங்களின் ஆதார் பூராவும் வரிசையாக நிற்கும். ராத்திரி உட்கார்ந்து அழிப்போம் என்று எல்லோரும் சொல்வோம், யார் அழிக்கிறார்கள்? அழித்தாலும் டிஸ்க்கில் இருந்ததைத் தோண்டி எடுக்கிற மென்பொருள் இருக்கிறது. ரேமில் இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. மெஷினை நிறுத்தினால் எல்லாம் போச்சு.

மாமாவுக்கு இது சரிப்படவில்லை.

“ஏம்மா, கரண்டு போனா அதுவும் போயிருமா? அப்ப என்னத்துக்கு அதுல வைக்கணும்?”

“போகணும்னுதான் மாமா வைக்கேன்.”

ஆகவே என் ஏற்பாடு இப்படி: அடையாளக் காகிதம் ரேமில், ஆய்வேடு டிஸ்க்கில். இதற்குத்தான் அந்த இரண்டு வரி.

எஃப்எஸ்டேப்பில் ஒவ்வொரு வரிக்கும் ஆறு கட்டம். எதை, எங்கே, என்ன வகை, என்னென்ன ஆப்ஷன், அப்புறம் இரண்டு எண்கள். மாய ஃபோல்டர்களுக்கு அந்தக் கடைசி இரண்டும் பூஜ்யம், பூஜ்யம். பேக்கப் எடுக்கவோ, பூட் ஆகும்போது சோதிக்கவோ அங்கே ஒன்றும் இல்லையே. முதல் கட்டத்தில் நிஜ டிஸ்க்காக இருந்தால் யூயூஐடி என்ற நீளமான அடையாள எண்ணை எழுதுவோம். டெம்ப்எஃப்எஸ்ஸுக்கு அங்கே எந்தப் பெயர் வேண்டுமானாலும் எழுதலாம். பெரும்பாலும் டெம்ப்எஃப்எஸ் என்றே எழுதுவார்கள். நான் கவுண்டர் என்று எழுதினேன். டிஎஃப் போடும்போது முதல் பத்தியில் அந்தப் பெயரே வரும்; தம்பிக்கும் சட்டென்று புரியும்.

முதல் வரி, டெம்ப்புக்கு. வகை டெம்ப்எஃப்எஸ், சைஸ் 1ஜி, மோட் 1777, கூடவே நோசூட், நோடெவ் (அங்கே இருக்கிற ஃபைல் தனி அதிகாரத்தோடு ஓடாமலும், டிவைஸாக நடிக்காமலும் தடுப்பவை). நாம் எஃப்எஸ்டேப்பில் டெம்ப்புக்கு வரி எழுதிவிட்டால் டெபியன் தன் வரியை ஒதுக்கி வைத்துவிட்டு நம்முடையதை எடுத்துக்கொள்ளும். 1777 என்ற எண்ணை விட்டுவிடாதீர்கள். எல்லோரும் எழுதலாம், ஆனால் அடுத்தவர் ஃபைலை அழிக்க முடியாது என்பது அதன் பொருள். சைஸ் என்பது உச்சவரம்புதான். 1 ஜிபி என்று எழுதியதும் 1 ஜிபி ரேம் போய்விடாது. காலியாக இருக்கும்வரை அது கிட்டத்தட்ட ஒன்றும் பிடிப்பதில்லை. இதைப் பலர் தப்பாகப் புரிந்துகொண்டு பயப்படுகிறார்கள்.

டெம்ப்பில் எதுவும் நேரடியாக ஓடாதபடி நோஎக்ஸெக்கும் போட்டால் இன்னும் பத்திரம்தானே என்று கேட்பவர்களுக்கு: போடலாம், ஆனால் சில பேக்கேஜ்களை ஏற்றும்போது அமைப்புக் கேள்விகள் கேட்கிற டெப்கான்ஃப் தன் ஸ்கிரிப்டை டெம்ப்பில் வைத்து ஓட்டிப் பார்க்கும். அது முறைக்கும். நான் டெம்ப்பை விட்டுவிட்டு அடுத்த வரியில் போட்டேன்.

இரண்டாவது வரிதான் கடைக்கு உயிர். எஸ்ஆர்வி ஃபோல்டருக்குள் கவுண்டர் என்று ஒரு ஃபோல்டர் உண்டாக்கி அங்கே இன்னொரு டெம்ப்எஃப்எஸ். சைஸ் 512எம், மோட் 0700 (உரியவர் மட்டும் திறக்கலாம்), யூஐடியும் ஜிஐடியும் கவுண்டர் யூசரின், அவர் குழுவின் எண்கள். நோசூட், நோடெவ், இங்கே நோஎக்ஸெக்கும் சேர்த்து. வாடிக்கையாளர் பென்டிரைவிலிருந்து வருகிற எந்தக் குப்பையும் இங்கிருந்தபடி நேரடியாக ஓடாது. அப்புறம் மிக முக்கியமான ஒன்று: நோஸ்வாப்.

டெம்ப்எஃப்எஸ் ரேமில் இருக்கிறது என்று சொன்னேன் அல்லவா, அது முக்கால் உண்மை. ரேம் நெருக்கடி வந்தால் கெர்னல் அதில் உள்ளதைத் தூக்கி, ரேமுக்குத் துணையாக ஒதுக்கிய ஸ்வாப் என்ற இடத்தில் போடும். ஸ்வாப் இருப்பதோ எஸ்எஸ்டியில். ஆதார் நகல் டிஸ்க்கில் படக்கூடாது என்று இவ்வளவு செய்துவிட்டு, ஸ்வாப் வழியாக அது அங்கே போய்ச் சேர்ந்தால் என்ன பிரயோஜனம்? இதற்கென்றே கெர்னல் 6.4-இல் நோஸ்வாப் ஆப்ஷன் வந்தது. டெபியன் 13-இன் கெர்னல் 6.12 என்பதால் இங்கே கிடைக்கிறது. டெபியன் 12-இல் 6.1, அங்கே இந்த வரியை அப்படியே காப்பி செய்து போட்டால் கெர்னலுக்கு ஆப்ஷன் புரியாது, மவுண்ட் ஆகாது, பூட் நடுவழியில், பழுது பார்க்க மட்டுமே உதவுகிற எமர்ஜென்சி மோடில் நின்றுவிடும். புதிய பதிப்புக்குப் போவதற்கு நான் சொல்லக்கூடிய ஒரே உருப்படியான காரணம் இந்த ஒரு வார்த்தைதான். கூடவே ஹைபர்னேட் வசதியை அணைத்துவிடுங்கள். அது ரேமை அப்படியே டிஸ்க்கில் எழுதுவது.

பிரவுசரின் டவுன்லோட் இடத்தை இந்த கவுண்டர் ஃபோல்டருக்கு மாற்றினேன். ஆதார், பான் கார்டு மாதிரி ஒற்றைத் தாள் ஸ்கேனையும் இங்கேதான் சேமிக்கிறோம். ஆய்வேடு ஸ்கேனுக்கு மட்டும் தனி ஐகான். அதன் லாஞ்சரில், தற்காலிக இடம் எது என்று சொல்கிற டெம்ப்டிர் என்ற மாறிக்கு வார் டெம்ப் ஃபோல்டரைக் கொடுத்துவிட்டேன். அது டிஸ்க்கில் இருக்கிறது. நூற்றைம்பது பக்க மூலிகை ஆய்வேடு இப்போது முனகாமல் போகிறது. பிரிண்ட் போகிற வழி ஏற்கெனவே டிஸ்க்கில்தான். பிரிண்ட் வேலைகளைக் கவனிக்கிற கப்ஸ் தன் வரிசையை வார் ஸ்பூலில் வைத்துக்கொள்கிறது. ஆகவே பிரிண்டிங்குக்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்த ஸ்பூலிலும் வேலை முடிந்த ஃபைல் கொஞ்ச காலம் தங்கலாம். கப்ஸ் அமைப்பில் வேலை ஃபைல்களைப் பாதுகாக்க வேண்டாம் என்று ஒரு வரி எழுதுங்கள். பிரவுசர் தன் பங்குக்குப் பதுக்கி வைப்பதையும் தனியாகத்தான் அழிக்க வேண்டும். ஒரு மவுண்டால் உலகமே சுத்தமாகிவிடாது.

512 எம்பி போதுமா? ஆதாருக்கும் மார்க் ஷீட்டுக்கும் தாராளம். ஆனால் ஒரு கல்லூரிப் பையன் வீடியோவெல்லாம் வைத்துச் செய்த பிபிடியை வாட்ஸாப்பில் அனுப்பினான். டவுன்லோட் பாதியில் நின்றுபோனது. பின்னால் நாலு பேர் வரிசையில். ரீமவுண்ட் (கழற்றாமலே ஆப்ஷனை மாற்றுவது), சைஸ் 900எம் என்று ஒரு கட்டளை. உள்ளே இருந்த ஃபைல் எதுவும் கலையாமல் இடம் மட்டும் பெரிதானது. டிஸ்க் பார்ட்டிஷனில் இதைச் செய்வதாக இருந்தால் கடையைச் சாத்த வேண்டும். டெம்ப்எஃப்எஸ்ஸில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

வரி எழுதியபின் ரீபூட் போட்டுப் பார்க்கிற வழக்கம் சிலருக்கு உண்டு. வேண்டாம். முதலில் ஃபைண்ட்மவுண்டை ‘வெரிஃபை’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள். எழுத்துப்பிழை, இல்லாத ஃபோல்டர் மாதிரி விஷயங்களைச் சொல்லும். அப்புறம் மவுண்ட் கட்டளையைச் சிறிய ‘ஏ’ ஆப்ஷனோடு ஓட்டுங்கள்; எஃப்எஸ்டேப்பில் இருப்பதையெல்லாம் மவுண்ட் செய்யும். உடனே, எஃப்எஸ்டேப் மாறியிருக்கிறது, சிஸ்டம்டி இன்னும் பழையதைத்தான் வைத்திருக்கிறது என்று ஒரு குறிப்பு வரும். மரியாதையாக, புதியதைப் படி என்று சிஸ்டம்டியிடம் சொல்கிற டீமன் ரீலோட் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே மவுண்ட் ஆகியிருக்கும் டெம்ப்பை இந்த ஏ தொடாது. அதற்கு ரீமவுண்ட் வேண்டும்.

எமர்ஜென்சி மோட் என்றேனே, அதில் ஒரு வம்பு உண்டு. இன்ஸ்டால் செய்யும்போது ரூட் (நிர்வாகி) பாஸ்வேர்டைக் காலியாக விட்டவர்களுக்கு அந்த மோடில் உள்ளே போகவே வழி கிடையாது. ரூட் கணக்கு பூட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு நிற்கும். ஆகவே, இல்லாவிட்டாலும் கடை ஓடும் என்கிற எந்த மவுண்டுக்கும், அது கிடைக்காவிட்டாலும் பூட் தொடரட்டும் என்று சொல்கிற நோஃபெயில் போடுங்கள். குறிப்பாக யூஎஸ்பி பேக்கப் டிஸ்க்குக்கு. எங்கள் பக்கம் மாதத்துக்கு ஒருமுறை பராமரிப்புக்காகப் பகலில் மின்தடை வரும். கரண்டு வந்ததும் தம்பி முதலில் கவுண்டரைத்தான் தட்டுவான். யூஎஸ்பி டிஸ்க்கை உள்ளறைக்குக் கழற்றிக்கொண்டு போயிருப்பேன். நோஃபெயில் இல்லாவிட்டால் மெஷின் அந்த டிஸ்க்குக்காக 90 விநாடி காத்துக் கிடந்துவிட்டு எமர்ஜென்சி மோடுக்குப் போகும். நோஃபெயிலோடு டிவைஸ் டைம்அவுட்டை 10 விநாடி என்று குறைத்திருக்கிறேன்.

உள்ளறை மெஷினின் ஃபோல்டரை கவுண்டரில் எஸ்எஸ்ஹெச்எஃப்எஸ் (நெட்வொர்க்கில் உள்ள மெஷினின் ஃபோல்டரை இணைப்பது) வழியாகக் காட்டுவதற்கும் இதே ஃபைல்தான். 2005 முதல் கெர்னலில் இருக்கிற, சாதாரணப் புரோகிராமே ஃபைல் சிஸ்டமாக நிற்க விடுகிற ஃப்யூஸ் என்ற ஏற்பாட்டின் மேல் ஓடுவது அது. அங்கே ஆட்டோமவுண்ட் ஆப்ஷனைப் போட்டுவிட்டால், யாராவது அந்த ஃபோல்டரைத் தொடுகிறபோதுதான் இணைப்பு ஏற்படும். உள்ளறை மெஷின் தூங்கிக்கொண்டிருந்தாலும் கவுண்டர் பாட்டுக்கு எழுந்துவிடும். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும். சில நூறு பக்க ஃபைலை அதன் வழியாக நேரடியாகத் திறக்காமல் காப்பி செய்து திறப்பது நல்லது.

இன்னொரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். டெம்ப்பில் 10 நாள் தொடாமல் கிடக்கிற ஃபைலும், வார் டெம்ப்பில் 30 நாள் தொடாமல் கிடக்கிற ஃபைலும் டெபியன் 13-இல் தானாகவே அழிக்கப்படும். புதிதாகப் போடுகிறவர்களுக்கு இப்படி. பழையதிலிருந்து மேம்படுத்துகிறவர்களுக்கு வார் டெம்ப் பழக்கம் முன்போலவே இருக்கும்படி ஒரு ஏற்பாடு உண்டு, ரிலீஸ் நோட்ஸைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆய்வேடு பிள்ளைகள் ‘கைடு திருத்தம் சொல்லியிருக்காவ, ஃபைலை வைங்க அக்கா, வாரேன்’ என்று போய்விட்டு ரெண்டு மாசம் கழித்து வருகிற ஆட்கள். அதனால் வேலை முடிந்த பிடிஎஃப்பை வார் டெம்ப்பில் விட்டுவைக்கவே கூடாது. ஹோம் ஃபோல்டரில் ஆய்வேடு என்று ஒன்று வைத்து அங்கே நகர்த்திவிடுவது எங்கள் வழக்கம்.

பன்னிரண்டிலிருந்து பதின்மூன்றுக்கு மேம்படுத்தியவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கிறது. பழைய டெம்ப்பில் கிடந்த ஃபைல்கள் எங்கேயும் போகவில்லை. புதிய டெம்ப்எஃப்எஸ் அவற்றின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். இடமும் பிடிக்கும், கண்ணுக்கும் தெரியாது. எல்லா ஃபோல்டருக்கும் மேலே இருக்கிற வேர் டைரக்டரியை எம்என்டி ஃபோல்டரில் பைண்ட் மவுண்ட் செய்து (இன்னொரு இடத்திலும் தெரியும்படி இணைத்து) அதற்குள் இருக்கிற டெம்ப்பைத் திறந்தால் எல்லாம் அங்கே இருக்கும். மேம்படுத்திய ஒரு மெஷினில் நான் இப்படித் திறந்தபோது வாடிக்கையாளர் ஸ்கேன்கள் சில ஜிபிக்கு அடியில் படுத்திருந்தன. அடையாளக் காகிதம் கையாளுகிற எந்தக் கடையும் மேம்படுத்திய அன்றைக்கே இதைப் பார்த்துவிட வேண்டும்.

ப்ராக்கை மவுண்ட் செய்யும்போது ஹைட்பிட் ஆப்ஷன் போட்டு ஒரு யூசரின் புரோகிராம்களை இன்னொருவருக்குத் தெரியாமல் செய்யலாம் என்று படித்திருப்பீர்கள். சிஸ்டம்டி ஓடுகிற மெஷின்களில் முழு சிஸ்டத்துக்கும் அதைப் போடுவது தொல்லை; லாகின், அனுமதி கேட்கிற பெட்டி எல்லாம் ப்ராக்கைப் பார்த்துத்தான் வேலை செய்கின்றன. ஒரே ஒரு கவுண்டர் யூசர் இருக்கிற கடைக்கு அது தேவையும் இல்லை.

குறை என்றால் இரண்டு. ஒன்று, இன்ஸ்டாலர் ரேம் அளவைப் பார்த்து ‘டெம்ப்பை எங்கே வைக்கட்டும்?’ என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். 16 ஜிபி வைத்திருப்பவருக்குப் பாதி என்பதும் 4 ஜிபி வைத்திருப்பவருக்குப் பாதி என்பதும் ஒன்றல்ல. இரண்டு, டெம்ப் நிறைந்தால் டெஸ்க்டாப்பில் நிற்கிற தம்பிக்குப் புரிகிற மாதிரி ஓர் எச்சரிக்கையும் இல்லை. ஒவ்வொரு புரோகிராமும் தன் இஷ்டத்துக்கு ஒரு பிழை சொல்லிச் சாகிறது. இந்த இரண்டுக்காக ஒரு நட்சத்திரம் குறைத்து ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். நோஸ்வாப் இல்லாதிருந்தால் மூன்றுதான்.

8 ஜிபிக்கு மேல் ரேம் இருந்து, வேலை எல்லாம் சின்ன ஃபைல்களாக இருந்தால் டெம்ப் வரியை எழுதவே வேண்டாம், கவுண்டர் வரி மட்டும் போதும். 4 ஜிபியில் கலர் ஸ்கேன் செய்கிறவர்கள் இரண்டையும் எழுதுங்கள். 2 ஜிபி மெஷின்காரர்கள் டெம்ப்பை மாஸ்க் செய்து டிஸ்க்குக்கே அனுப்பிவிட்டு, கவுண்டர் ஃபோல்டருக்கு மட்டும் 200 எம்பி கொடுங்கள். நோஸ்வாப் போட்ட இடம் நிறைந்தால் அது நிஜ ரேம், கெர்னலால் வேறெங்கும் தள்ள முடியாது. எங்கள் கவுண்டர் மெஷினில் இன்னொரு ரேம் ஸ்லாட் காலியாக இருக்கிறது. பழைய டிடிஆர்3 குச்சி 4 ஜிபியில் ஒன்று கிடைத்தால் அந்த 512-ஐ 1 ஜிபி ஆக்குவதாக இருக்கிறேன். பிபிடிப் பிள்ளைகள் சீசன் மார்ச்சில் ஆரம்பித்துவிடும்.